ஊசிமுனை ஏரியில் ஒரு முட்டை

பாறைமுனை ரயில் நிறுத்தம்,
வட ஒன்டாரியோ.
ஜூன் 4, 1974

அன்பு மருமகள் ஐலாவுக்கு,

பதினேழு ஏரிகளுக்கும் முப்பது கனூப் படகுகளுக்கும் (அதில் பாதி ஓட்டை) ஏக அதிபதியும், கொசுக் குலத்தின் பரம வைரியுமான உன் தாய்மாமன் ரெய்னோ எழுதுவது. இங்கே நான் நலம். அங்கே நீயும் நலம் என்று நானே எழுதிக்கொள்ள வேண்டியதுதான். வேறு வழி வைத்துவிட்டா போனாய்?

இந்த வருடம் கொசுக்கள் கன்றுக்குட்டி அளவில் பிறந்திருக்கின்றன. நேற்று ரயிலை நிறுத்தக் கொடியோடு போனேன். ஒரு கொசு கொடியைப் பிடுங்கி, தானே ரயிலை நிறுத்தி ஏறிப் போய்விட்டது. முதல் வகுப்பில்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மரம் வெட்டப் போன இடத்தில் அந்த மரமே மேலே விழுந்து, இரண்டு குளிர்காலம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் திறக்காமல் கிடந்தான் உன் புருஷன் மார்த்தி. அந்த இரண்டு குளிர்காலமும் நீ பக்கத்து நாற்காலியில். பிப்ரவரியில் போனவனை, உறைந்த மண் இளகும்வரை வைத்திருந்து மே மாதம் புதைத்தோம். மறுநாளே என் பச்சை கனூவை இழுத்துத் தண்ணீரில் விட்டு, "கொஞ்ச நாள் மனுஷச் சத்தமே கேக்காம இருந்துட்டு வர்றேன் மாமா" என்றாய். எங்கள் ஊர்க் கணக்கில் கொஞ்ச நாள் என்றால் இரண்டு வாரம். உன் பஞ்சாங்கம் எது என்று தெரியப்படுத்தவும்.

டொரன்டோவிலிருந்து ஒரு பல் டாக்டர் வந்தார். கனூக் கொட்டகை, படகுத் துறை, வீடு எல்லாவற்றையும் விலைக்குக் கேட்கிறார். "என் மருமக வந்து நடத்தப் போறா. நீங்க போய் பல்லைப் பிடுங்குங்க" என்று அனுப்பிவைத்தேன். என் வாக்கைப் பொய்யாக்கிவிடாதே. என்னால் இனி ஒரு கனூவைத் தலைக்கு மேல் தூக்க முடியாது என்பது இராஜாங்க ரகசியம். வெளியே தெரிந்தால் ஆட்சி கவிழ்ந்துவிடும். என்னை நகரத்து முதியோர் விடுதியில் கஞ்சி குடிக்க வைத்துவிடுவார்கள்.

விமானி ஜெர்வேயிடம் மாவும் காபித்தூளும் கொடுத்திருக்கிறேன்.

துடுப்புகளின் சக்கரவர்த்தி,
உன் மாமா ரெய்னோ


ஊசிமுனை ஏரி,
ஜூன் 19

அன்புள்ள மாமா,

மாவும் காபித்தூளும் வந்தன.

ஏரி ஏரியாக வடக்கே போய்க்கொண்டே இருப்பதாக இருந்தேன். இங்கே நின்றுவிட்டேன். சின்னத் தீவின் ஓரத்தில் ஒரு லூன் நீர்ப்பறவை ஜோடி கூடு வைத்திருக்கிறது. ஒரே முட்டை. ஆணும் பெண்ணும் மாற்றி மாற்றி அமர்கின்றன. கால்கள் வாலோடு ஒட்டி இருப்பதால் நிலத்தில் நடக்க வராது. மார்பைத் தேய்த்துத் தேய்த்துத்தான் கூட்டுக்கு ஏற வேண்டும். அதைப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன். வேறெதுவும் செய்வதில்லை.

ஜெர்வே அரை மணி நேரம் பேசினார். நல்ல மனிதர். அவர் போன பிறகும் காது வலித்தது.

இங்கே பழைய வேட்டைக்காரர் குடிசை ஒன்று இருக்கிறது. கூரை பரவாயில்லை. முட்டை பொரிந்ததும் யோசிக்கிறேன்.

ஐலா


பாறைமுனை,
ஜூலை 8

என் மௌனப் பெருந்தகை மருமகளுக்கு,

ஆசீர்வாதம். உன் கடிதத்தை ஹில்யாவின் தபால் கடையில் நின்று ஊருக்கே உரக்கப் படித்தேன். அவ்வளவு சின்னக் கடிதம். மூன்று தடவை படித்தும் காபி ஆறவில்லை.

"பொரிஞ்சதும் வர்றாளா, பொரிஞ்சதும் யோசிக்கிறாளா? ஒழுங்கா படி கிழவா" என்றாள் ஹில்யா.

"யோசிக்கிறேன்னா வர்றேன்னுதான் அர்த்தம்."

"நீ பொண்ணு கேட்டப்பல்லாம் நானும் யோசிக்கிறேன்னுதான் சொன்னேன். நாப்பது வருஷம் ஆச்சு."

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். அதிபதிகள் அப்படித்தான் சிரிக்க வேண்டும்.

இப்போது ஊர் முழுக்க உன் முட்டைதான் பேச்சு. குஞ்சு வெளியே வந்ததும் அதற்கு ரெய்னோ என்று பெயர் வைப்பதென்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. (கூட்டத்தில் நான் ஒருவன்தான் இருந்தேன்.) லூன் முட்டைக்கு நான்கு வாரம் போதும். இது உன் கைக்கு வரும்போது குஞ்சு தாயின் முதுகில் ஏறிச் சவாரி போய்க்கொண்டிருக்கும்.

உன் அறைக்கு மஞ்சள் வண்ணம் அடித்துவிட்டேன். சுவரில் பாதி, என் தாடியில் மீதி. காலையில் கண்ணாடியைப் பார்த்தால் சூரியன் உதிக்கிறது. மீன் மொயாக்கா சூப்புக்குப் பானை கழுவித் தயார். நீ வந்து இறங்க வேண்டியதுதான் பாக்கி.

உன் வரவை எதிர்நோக்கும்,
மஞ்சள் தாடி மாமா


ஊசிமுனை ஏரி,
ஜூலை 25

மாமா,

பொரியவில்லை.

பெண் பறவை இன்னும் அமர்ந்திருக்கிறது. போன வாரம் கழுகு வந்து தலைக்கு மேலே சுற்றியது. அசையவில்லை. ஆண் பறவை மாற்றி அமர வருவதை நிறுத்திவிட்டது. கூட்டுக்குப் பக்கத்தில் நீந்தி வந்து ஒரு குரல் கொடுக்கும். பெண் பதில் சொல்லாது. ஆண் கொஞ்சம் பார்த்துவிட்டு மீன் பிடிக்கப் போய்விடும்.

ஆஸ்பத்திரியில் இரண்டாவது குளிர்காலம் அந்த டாக்டர் சொன்னார்: "வீட்டுக்குப் போங்கம்மா. நீங்க இருக்கறது அவருக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியுதே டாக்டர்" என்றேன். அதற்குப் பிறகு அவர் அந்த அறைக்கு வந்தால் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

மஞ்சள் அறையை யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

ஐலா


பாறைமுனை,
ஆகஸ்ட் 3

ஐலா,

இந்தக் கடிதத்தை யாருக்கும் படித்துக் காட்டவில்லை. ஹில்யா கேட்டாள். குஞ்சு கொழுகொழு என்று இருப்பதாகச் சொல்லிவிட்டேன்.

அந்த முட்டையை எடுத்துவிடு. இருட்டியதும் துடுப்புக் கட்டையால் மெல்லத் தள்ளிவிட்டால் போதும். அது உட்கார்ந்தே மெலிந்துகொண்டிருக்கிறது. பனிக்கு முன் அது கடலுக்குப் பறந்தாக வேண்டும். தண்ணீர் மேல் அவ்வளவு தூரம் ஓடினால்தானே அந்தப் பறவைக்கு மேலே எழும்பவே வரும்? ஓட உடம்பில் வலு வேண்டாமா?

நீ செய்ய மாட்டாய். தெரியும். ஆகையால் நாமே படையெடுத்து வருவதென்று முடிவாயிற்று. விமானச் சத்தம் உன்னைக் கலைக்காதபடி ஜெர்வே என்னைப் பக்கத்து ஏரியில் இறக்கி, இரண்டு ஏரிக்கும் நடுவே உள்ள காட்டுப்பாதையில் கனூவையும் சுமந்து தருவான். அங்கிருந்து நான் தனியே துடுப்புப் போட்டு வருவேன். மூஸ் மான்கள் இருபுறமும் வரிசையாக நின்று வழிவிடும். உன்னிடம் பேச ஒரு பேச்சு தயாரித்திருக்கிறேன். மூன்று மணி நேரம் ஓடும். நடுவில் காபிக்கு இடைவேளை உண்டு. ஜெர்வேயிடம் ஒத்திகை பார்த்தேன்.

"இதைக் கேட்டா பறவையே முட்டையை எட்டி உதைச்சிட்டு ஓடிரும் பெரியவரே" என்றான்.

அதுதானே வேண்டும்!

புறப்பட்டுவிட்ட,
மாமா


ஊசிமுனை ஏரி,
ஆகஸ்ட் 24

மாமா,

நீங்கள் வந்தது தெரியும்.

அன்று காற்றே இல்லை. கூட்டில் இருந்தபடியே லூன் திடீரென்று கழுத்தைத் தாழ்த்தி நீட்டித் தண்ணீரோடு தண்ணீராக ஒட்டிக்கொண்டது. ஆள் வந்தால் அப்படித்தான் செய்யும். பிறகு துடுப்பு கனூவின் விளிம்பில் தட்டும் சத்தம். ஒவ்வொரு தட்டலுக்கும் முன்னால் ஒரு முனகல். உங்களைத் தவிர யாரும் அப்படித் துடுப்புப் போடுவதில்லை. நான் ஏரிக்கு முதுகைக் காட்டிப் பாறையில் உட்கார்ந்துகொண்டேன். திரும்பவில்லை.

கூப்பிடுவீர்கள் என்று நினைத்தேன். கூப்பிட்டிருந்தால் திரும்பியிருப்பேனா என்று எனக்கே தெரியவில்லை. நெடுநேரம் சத்தமே இல்லை. அப்புறம் தட்டல் தூரமாகப் போனது. முட்டையை நீங்களும் தொடவில்லை.

சில நாள் கழித்து அந்தப் பறவை தானாகவே கூட்டிலிருந்து தண்ணீரில் இறங்கிப் போய்விட்டது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அது இறங்கினால் எனக்குள்ளும் ஏதோ இறங்கும் என்று நினைத்திருந்தேன் போலிருக்கிறது. ஒன்றும் ஆகவில்லை. முட்டை அங்கேயே கிடக்கிறது. நானும் இங்கேயே இருக்கிறேன். குளிர்காலத்துக்கு விறகு வெட்டிவிட்டேன்.

இனிமேல் எழுதாதீர்கள் மாமா. உங்கள் கடிதம் வந்தால் சில நாள் உங்கள் குரல் குடிசைக்குள் இருக்கிறது. நல்ல குரல். சிரிக்கக்கூடச் சிரித்தேன். ஆனால் அது அடங்கியதும் வருகிற அமைதி, முன்னால் இருந்ததைவிட மோசமாக இருக்கிறது.

ஐலா


பாறைமுனை,
செப்டம்பர் 20

ஐலா,

எழுதாதீர்கள் என்றாய். இது ஒன்று மட்டும்.

பேச்சு முழுவதும் நாக்கு நுனியில்தான் இருந்தது. கரையின் முனை திரும்பியதும் உன் முதுகு தெரிந்தது. ஆஸ்பத்திரி நாற்காலியில் இருந்த அதே முதுகு. அங்கேயாவது எதிரே ஒரு கட்டில் இருந்தது. இங்கே அதுவும் இல்லை. வாய் திறந்தபடியே இருந்தது. ஒரு ஈ உள்ளே போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தது. இது ஒன்றுதான் நான் உனக்கு எழுதியதிலேயே மிகைப்படுத்தாத செய்தி.

"என்ன சொன்னா?" என்று கேட்டான் ஜெர்வே.

"தூங்கிட்டிருந்தா. எழுப்ப மனசு வரல."

அவன் கனூவைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான்.

அக்டோபர் நடுவில் அவன் மிதவை விமானத்தில் கடைசியாக ஒருமுறை அங்கே வருவான். ஏரி உறைய ஆரம்பித்துவிட்டால், பனி நன்றாக இறுகி விமானம் சறுக்குக் கட்டையில் இறங்குகிறவரைக்கும் எவரும் வர முடியாது. முன் இருக்கையைக் காலியாக வைத்து வரச் சொல்லியிருக்கிறேன். உன்னிடம் ஒரு வார்த்தை பேச மாட்டான். வழியெல்லாம் பேச மாட்டான். பேசினால் முப்பது கனூவையும் அவனே கழுவ வேண்டும் என்று ஒப்பந்தம். இங்கே வந்த பிறகு நானும் பேச மாட்டேன். முடியுமா என்று சிரிக்காதே. இரண்டு நாளாகப் பழகிக்கொண்டிருக்கிறேன். எனக்கு உடம்பு சரியில்லை என்று ஹில்யா சூப் கொண்டுவந்துவிட்டாள்.

பல் டாக்டரிடம் அதுவரை தவணை வாங்கியிருக்கிறேன்.

மாமா


பாறைமுனை,
அக்டோபர் 17

ஐலா,

இதை எடுத்துப் போக விமானம் இல்லை. உன் ஏரியின் ஓரமெல்லாம் பனிக்கண்ணாடி பிடிக்கத் தொடங்கிவிட்டது என்கிறான் ஜெர்வே. எழுதாமல் உட்கார்ந்திருக்கத்தான் எனக்குத் தெரியவில்லை.

நேற்று காலையிலிருந்து துறையில் நின்றேன். ஹில்யா வந்து திட்டினாள்: "உள்ள வந்து நில்லு கிழவா, வெறைச்சுப் போயிருவே. அவ வந்தா ஜன்னல்ல தெரியாதா?" நான் போகவில்லை. அவளும் போகவில்லை.

விமானம் வளைந்து இறங்கியபோது முன் இருக்கையில் உருவம் ஒன்று தெரிந்தது. போர்வை சுற்றிய உருவம். நான் கை அசைத்தேன். ஹில்யாவும் அசைத்தாள். தொப்பியைக் கழற்றி அசைத்தேன். பேசக் கூடாது என்பது நினைவுக்கு வந்து வாயை இறுக்கி மூடிக்கொண்டேன்.

ஜெர்வே இறங்கி வந்து கயிற்றைக் கட்டினான். நிமிரவில்லை.

"காலி டப்பா சாக்கு பெரியவரே. நீங்க அனுப்பின டப்பாங்கதான். மழையில நனையக் கூடாதுன்னு போர்வையைச் சுத்தினா. ஆடி விழுந்துரும்னு பெல்ட்டையும் அவளேதான் போட்டா."

"என்ன சொன்னா?"

"என்ஜினை அணைக்கச் சொன்னா. அணைச்சேன். சீட்டு மேல கையை வெச்சுக்கிட்டுக் கொஞ்ச நேரம் நின்னா. ஏறப் போறான்னு நெனச்சு நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டேன். திரும்பிப் பார்த்தா சாக்கோட வர்றா."

"லூனு?"

"ரெண்டும் போயிருச்சு. ஏரியில எதுவும் இல்ல."

நாளைக் காலை ரயிலில் பல் டாக்டர் கிரயப் பத்திரத்தோடு வருகிறார்.

சாக்கை இறக்க ஜெர்வே கை கொடுத்தான். வேண்டாம் என்றேன். பெல்ட்டை நானே கழற்றினேன். தோளில் போட்டுக்கொண்டு வீடு வரைக்கும் நடந்தேன். கனமே இல்லை, ஐலா.

மாமா