ஒரு சாண் தூரம்

மூத்தவனே,

இடக்கையால் எழுதுகிறேன், கோணலைப் பொறுத்துக்கொள்.

நீ விட்டுப்போன பூனைக்குத் துணையாகத் தம்பி ஒரு குட்டி கொண்டுவந்தான். ஒன்றின் வாசனை மற்றதுக்குப் பழகும்வரை, சாத்திய கதவுக்கு இருபுறமும் சாப்பாட்டுத் தட்டு வைத்து, தினம் ஒரு சாண் மட்டும் கதவை நோக்கி நெருக்கச் சொன்னார் கால்நடை மருத்துவர். அளந்து, குறித்துத்தான் வைத்தேன். மூன்றாம் நாளே அவசரப்பட்டுக் கதவைத் திறந்து, இரண்டுக்கும் ஒரே தட்டில் மீன் போட்டுவிட்டேன்.

கிழப்பூனை பாய்ந்து குட்டியின் காதைக் கிழித்தது. கழுத்தைக் கவ்வி உதறியது. பிரிக்கப்போன என் வலக்கையை எலும்புவரை கடித்தது. மீனெல்லாம் ரத்தம்.

"கையை எடுங்கப்பா!" என்று கத்தியபடி தம்பி போர்வையைப் போட்டு அமுக்கினான். குட்டி பிழைத்துக்கொண்டது.

எனக்குக் கட்டுப் போடும்போது சொன்னான்: "பூனைக்காவது மூணு நாள் கதவு இருந்துச்சு. அண்ணனோட அம்மா செத்துப்போன மறுமாசமே எங்கம்மாவையும் என்னையும் கூட்டிட்டு வந்து, அவன் கூட ஒரே மேஜையில உக்கார வச்சீங்க. என் மண்டைய உடைக்காம கொஞ்சுவானா?"

நெற்றித் தழும்பைத் தடவிச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று உன்னை அடித்து வாசலுக்கு வெளியே தள்ளியதும் இந்த வலக்கைதான்.

ஒருமுறை வா. முன்னறையில் உனக்குத் தனித்தட்டு வைக்கிறேன். நடுக்கதவு சாத்தியே இருக்கும். எப்போது திறப்பது என்பதை நீ சொல்.

அவசரக்காரனான
உன் அப்பா