இரும்புத் தொப்பியும் நாலு மணி மக்ரூனும்

சமையலறை முழுக்கச் சேற்று வாடை. நீங்கள் கடலில் போடச் சொன்ன அந்த இரும்புத் தொப்பி மறுபடி வீட்டுக்கு வந்துவிட்டது. கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். விளிம்பெல்லாம் சிப்பி ஒட்டியிருக்கிறது. வாடை மட்டும் போக மாட்டேன் என்கிறது.

கல்யாணமான புதிதில் உங்கள் பட்டாளத்துப் பெட்டியைத் திறந்து, "இது என்ன, கொழம்புச் சட்டி மாதிரி?" என்று கேட்டுத் தொலைத்தேன். அன்றைக்குத்தான் சொன்னீர்கள். எல்லைச் சண்டையில் உங்களோடு இருந்த மணப்பாட்டுக்காரர் தலைக்கு அவர் தொப்பி சேரவில்லை, இருவரும் மாற்றிக்கொண்டீர்கள். மறுநாள் உங்கள் தொப்பியைப் போட்டபடியே அவர் இறந்துபோனார். அவருடைய தொப்பியோடு நீங்கள் ஊர் திரும்பினீர்கள். உள்ளே ஆணியால் கீறியிருந்த அவர் நம்பரை விரலால் தடவிக் காட்டினீர்கள். அதற்குப் பிறகு நாற்பது வருஷம் அந்தப் பெட்டியை நீங்கள் திறக்கவுமில்லை, என்னைத் தொட விடவுமில்லை.

ஆனால் சாயங்காலம் நாலு மணி அடித்தால் போதும், நீங்கள் வேறு மனுஷன். கடுங்காப்பி, தட்டில் இரண்டு மக்ரூன். வாயில் போட்டதும் கரைகிற அந்த முந்திரி இனிப்பைக் கண்ணை மூடிக்கொண்டு தின்பீர்கள். "ஒண்ணு போதாதா?" என்று நான் முறைத்தால், "ஒண்ணு எனக்கு, ஒண்ணு அவனுக்கு. ஊருக்குப் போனதும் மொதல்ல மக்ரூன்தான் திங்கணும்னு சொல்லிட்டே கெடந்தான் ஏளா" என்பீர்கள். நானே தட்டை உங்கள் பக்கம் நகர்த்தி வைப்பேன்.

ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்து, "அத மட்டும் கடல்ல விட்டுரு. என்னால முடியல" என்றீர்கள். சரி என்றேன். நீங்கள் போன முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் உங்கள் தம்பியிடம் கொடுத்தனுப்பினேன். அவர் என்ன செய்தார் தெரியுமா? செபம் சொல்லி, தினமும் வலை இழுக்கிற இடத்திலேயே போட்டுவிட்டு வந்திருக்கிறார். ஆறு மாசம் கழித்து நேற்று அவர் வலையிலேயே ஏறிவிட்டது.

"இவ்வளவு பெரிய கடல்ல வேற எடமா இல்ல? அங்கனயா போடுவீக?" என்று கத்தினேன்.

"எனக்குத் தெரிஞ்ச எடம் அதுதான மதினி. அண்ணனுக்குச் செய்யுத காரியம், தெரியாத எடத்துல போட மனசு வரல" என்று வாசலில் நின்று அழுதார். மறுபடி கொண்டுபோகச் சொன்னேன். "வலையில ஏறி வந்தத எப்படி மதினி திரும்பத் தூக்கிப் போட? என்னால ஆகாது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எனக்கும் ஆகவில்லை. காலையில் பழைய இரும்பு வாங்குகிறவர் தெருவில் கூவிக்கொண்டு போனார். தொப்பியை எடுத்துக்கொண்டு வாசல் வரை போனேன், திரும்பி வந்துவிட்டேன். நீங்கள் கடைசியாகச் சொன்னது ஒரே ஒரு காரியம். அதைக்கூட முடிக்கத் துப்பில்லாமல் உட்கார்ந்திருக்கிறேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

இப்போது மணி நாலு. காப்பி போட்டாயிற்று. தட்டில் இரண்டு மக்ரூன். ஒன்று உங்களுக்கு, ஒன்று அவருக்கு. எனக்குச் சர்க்கரை ஏறிக் கிடக்கிறது, டாக்டர் திட்டுகிறார். திட்டட்டும். இரண்டையும் நான்தான் தின்றாக வேண்டும். நீங்கள் இரண்டு பேரும் வேறு யாரிடம் போய்க் கேட்பீர்கள்?