இடது கண் விஷயம்

பாகூர்
யுவ வருஷம் மாசி மாதம் 5ஆம் தேதி

சிரஞ்சீவி நாகராஜனுக்கு அப்பா ஆசீர்வதித்து எழுதுவது. நானும், நெட்டப்பாக்கத்தில் உன் தங்கை கஸ்தூரி குடும்பமும் மூலநாதர் புண்ணியத்தில் உயிரோடும் சோறோடும் இருக்கிறோம், சைகோனில் நீயும் மருமகளும் குழந்தையும் அப்படியே இருக்க வேண்டும். வரி கோணலாகப் போனால் சிரிக்காதே, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி எழுதுகிறேன்.

கரும்பு வெட்டு முடிந்து ஆலை ஆடுகிறது. ஆட்கள் எல்லாம் அங்கே போய்விட்டதால் வீட்டில் பேச்சுத்துணை இல்லை. உன் அம்மா போன பிறகு எனக்கு நானே பேசிக்கொள்கிறேன், சண்டையும் போட்டுக்கொள்கிறேன்.

போன ஆடியில் புதுச்சேரியில் வலது கண்ணுக்குக் கத்தி வைத்தார்களே, எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தாய். கண்ணுக்குள் நீர் தேங்கி அழுத்துகிற வியாதி இது, கண்மணியைச் சுற்றியுள்ள திரையில் ஒரு துண்டைக் கத்தரித்து எடுத்தார்கள். குத்துவலி போயிற்று, பார்வை வரவில்லை. வெயிலில் கூசித் தண்ணீர் கொட்டுகிறது, விளக்கைப் பார்த்தால் வெளிச்சம் சிதறுகிறது, நேரே இருப்பது கொஞ்சம் தெரிகிறது, பக்கவாட்டில் வருகிற ஆள் தெரிவதில்லை. மேலத்தெரு பக்கிரி புரை எடுத்துக்கொண்டு வந்து பஞ்சாங்கம் படிக்கிறான். அதைப் பார்த்துவிட்டுப் பால் ஊற்றும் காசம்மாள் தினமும், இன்னா பெரியவரே, உங்க கண்ணு மட்டும் ஏன் இன்னும் தெளியல என்று கேட்கிறாள். புரை வேறு இது வேறு, இதில் போனது போனதுதான், மிச்சத்தைக் காப்பாற்றத்தான் கத்தி என்று சொல்லி வாய் வலித்துவிட்டது. நானும் அவளைப் போலத்தான் நம்பிக்கொண்டு போனேன், அதை அவளிடம் சொல்லவில்லை. கட்டு அவிழ்த்த அன்று உன் பெயரைச் சொல்லி அழுதேன்.

இப்போது இடது கண்ணும் அதே வழியில் போகிறது, ஓரமெல்லாம் இருண்டு நேரே இருப்பது மட்டும் தெளிவாகத் தெரிகிறது. இதற்கு அந்த வைத்தியம் போதாதாம். சென்னப்பட்டணத்திலிருந்து வந்த டாக்டர், வெள்ளைவிழி ஓரத்தில் சின்னத் துளை போட்டு நீரை வடியவிடலாம் என்கிறார். அது நெடுநாள் காக்கும், ஆனால் பார்வை இப்போது போலத் தெளிவாக இராது, மங்கும், சிலருக்கு இருந்ததும் போவதுண்டு என்று ஒளிக்காமல் சொன்னார். சும்மா விட்டால் ஒரு வருஷம் இதே தெளிவு இருக்கலாம், அப்புறம் இருட்டு. கஸ்தூரி, நல்லா இருக்கிற கண்ணை எதுக்குப்பா குத்திக்கணும், தெரியிற வரைக்கும் தெரியட்டுமே என்கிறாள். அவள் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. நீ அனுப்பிய குழந்தையின் படத்தை இந்தக் கண்ணால்தான் பார்க்கிறேன், இமை மயிர்கூடத் தெரிகிறது.

உனக்கு விடுப்பு கிடைக்க இன்னும் மூன்று வருஷம் ஆகும் என்று எழுதியிருந்தாய். அதற்கு முன்னால் வா என்று நான் கூப்பிடவில்லை, உன் வேலை எனக்குத் தெரியும். ஆனால் இந்த ஒரு வருஷத் தெளிவை வைத்துக்கொண்டு இங்கே நான் யாரைப் பார்க்கப்போகிறேன். மங்கலானாலும் மூன்று வருஷம் நிற்கட்டும் என்று துளைக்கே சம்மதித்துவிட்டேன். பங்குனி முதல் வாரம் வரச் சொல்லியிருக்கிறார்கள். பயமாகத்தான் இருக்கிறது.

மருமகளிடம் கோபமாகப் பேசாதே, அந்நிய சீமையில் அவளுக்கு உன்னை விட்டால் யார். மூவரும் தீர்க்காயுசாக இருங்கள். ஒன்றை மட்டும் மறக்காதே. நீ வருகிற அன்று வாசலிலேயே அப்பா என்று குரல் கொடுத்துவிடாதே. பேசாமல் என் முகத்துக்கு நேரே, கிட்டத்தில் வந்து நில். யார் வந்திருப்பது என்று நானே பார்த்துச் சொல்கிறேன்.

இப்படிக்கு
உன் அப்பா
தெய்வசிகாமணி