குங்குமத்துக்கு அடியில் இரண்டு எழுத்து

1958 பிப்ரவரி 11, செவ்வாய்

அத்திப்பள்ளி தாண்டியதும் பஸ் நின்றுவிட்டது. பெங்களூர் போய்ச் சேர்வதற்குள் முதல் வகுப்பு முடிந்திருந்தது. இந்தப் பருவத்தில் இது ஏழாவது முறை.

“இன்னும் நான்கு வகுப்பு தவறினால் பரீட்சை எழுத முடியாது அம்மா,” என்றார் பேராசிரியர்.

“வகுப்புக்கு வந்தால் ஆய்வு நிற்கிறது, ஆய்வுக்குப் போனால் வகுப்பு நிற்கிறது, சார்.”

“அதற்குப் பெயர்தான் எம்.ஏ.”

சிரித்தேன். நான் பாடம் எடுக்கும் பள்ளிக்கூடம் கொடுத்த விடுப்பு ஜூன் நடுவில் முடிகிறது. இன்னொரு வருஷம் யார் கொடுப்பார்கள்?

மார்ச் 2, ஞாயிறு

ஊத்தங்கரைக்கு அப்பால் என் கல்லைப் பார்த்துவிட்டு வந்தேன். என் கல்! ஊருக்கு அது வேடியப்பன் சாமி. எனக்குச் சண்டையில் இறந்த ஒருவனின் நடுகல். மேலே உள்ள வரிகளை எப்படியோ படித்துவிட்டேன். அவன் பெயர் இருக்கும் கடைசி வரிதான் மஞ்சளுக்கும் எண்ணெய்க்கும் அடியில் கிடக்கிறது. பெயர் இல்லாமல் கட்டுரைக்கு முடிவு இல்லை.

பூசை செய்யும் மாதப்பனிடம் ஓரமாகக் கொஞ்சம் துடைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன்.

“ஆவாதும்மா. பங்குனி கடைசி செவ்வாதான் சாமிக்குக் குளியல். வருசத்துக்கு ஒருக்காத்தான்.”

சரி, ஏப்ரல் எட்டு. காத்திருக்கலாம்.

மார்ச் 10

பரீட்சை அட்டவணை வந்தது. ஐரோப்பிய வரலாறு — ஏப்ரல் எட்டு, காலை பத்து மணி.

மார்ச் 12

மாதப்பனுக்குக் கடிதம் எழுதலாமா? சாமியின் குளியலை ஒரு வாரம் தள்ளிவைக்கச் சொல்லி? எழுதினேன். கிழித்துவிட்டேன்.

பரீட்சையை விட்டால் வருஷம் போச்சு. கல்லை விட்டால் கட்டுரை போச்சு. மத்தியானம் சோறு இறங்கவில்லை. இவர் என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “நான் போயிட்டு வரட்டுமா?” என்றார்.

“உங்களுக்கு அந்த எழுத்து தெரியுமா?”

“படிக்கத்தான் தெரியாது. மை ஒத்தத் தெரியாதா? இருவது வருசமா போஸ்டாபீசுல என்னா பண்றேன்?”

மார்ச் 16, ஞாயிறு

அம்மிக்கல்லில் ஒத்திகை. ஈரக் காகிதத்தைக் கல்லில் ஒட்டி, பள்ளங்களில் இறங்கும்படி பிரஷ்ஷால் தட்டி, லேசாகக் காய்ந்ததும் துணிப்பொதியால் மை ஒற்ற வேண்டும். எழுத்து வெள்ளையாக எழும்பும். இவர் ஓங்கி ஓங்கிக் குத்துகிறார்.

“தபால் முத்திரை இல்லைங்க அது. மெதுவா. குழந்தை கன்னத்துல பவுடர் போடற மாதிரி.”

சொன்ன பிறகுதான் உறைத்தது. எங்களுக்குக் குழந்தை இல்லை. அடுத்த காகிதத்தில் இவர் கை அப்படியே மெதுவாக இறங்கியது. அம்மியின் கொத்து ஒவ்வொன்றும் தெளிவாக வந்தது.

ஏப்ரல் 8, செவ்வாய்

எழுதினேன். பிரெஞ்சுப் புரட்சி, வியன்னா மாநாடு. பதினோரு மணிக்குப் பேனாவை வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தேன். இப்போது தண்ணீர் ஊற்றியிருப்பார்கள்.

ஏப்ரல் 9

மதிய பஸ்ஸில் வந்தார். முழங்கை வரை மை. முதல் காகிதம் காற்றில் கிழிந்ததாம். இரண்டாவது — எவ்வளவு அழகாக வந்திருக்கிறது! வரிவரியாக வெள்ளை எழுத்து. கடைசி வரியில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள், நடுவே குங்குமம். ஈர மையோடு குழைந்து இரண்டு எழுத்து அப்படியே போய்விட்டது. பெயரின் முதல் இரண்டு எழுத்து.

“மாதப்பன் பொண்டாட்டி சரசம்மா வெச்சாங்க. சாமி காயிதத்துக்கும் வந்துட்டாருன்னு.”

“நீங்க பாத்துக்கிட்டு நின்னீங்களா? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? கல்லுல மறுபடி எடுத்திருக்கலாமில்ல?”

“அதுக்குள்ள எண்ணெ காப்பு ஆயிடுச்சு, சம்பங்கி.” முழங்கை மையைத் துடைத்துக்கொண்டே, “கும்புடற கையை எப்படிப் புடிக்கறது?” என்றார்.

கொல்லைக்குப் போய்விட்டேன். ஏன் அழுதேன்? அடுத்த வருஷப் பங்குனிவரை எந்தப் பல்கலைக்கழகம் காத்திருக்கும்?

ஏப்ரல் 10

இன்றுதான் இவரோடு பேசினேன். “தோசை நல்லா இருக்கு,” என்றார். நான் போட்டது ராகி அடை.

ஏப்ரல் 21

பேராசிரியர் மைப்படியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மிச்சமுள்ள எழுத்துகளுக்குப் பொருந்துகிற பெயர் ஒன்றைச் சொன்னார். “இதைப் போட்டு முடியுங்கள். முதல் வகுப்பு நிச்சயம். இல்லாவிட்டால் தலை இல்லாத கட்டுரை.”

பஸ் முழுக்க அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது கல் சொன்னது இல்லையே. அவன் எதற்கோ செத்தான். யாரோ அவன் பெயரை வெட்டி வைத்தார்கள். அதன் மேல் நான் வேறு பெயரை எழுதுவதா? சரசம்மா மூடினாள், மாற்றவில்லை.

ஏப்ரல் 23

கடைசிப் பக்கத்தில் எழுதியது: “இவ்விடத்தில் இரண்டு எழுத்துகள் குங்குமத்துக்கு அடியில் உள்ளன. கல் இன்றும் வழிபாட்டில் இருக்கிறது.” கட்டுரையை பைண்டு செய்து கொடுத்துவிட்டேன்.

ஜூன் 14, சனி

முடிவு வந்துவிட்டது. எம்.ஏ. தேறிவிட்டேன், இரண்டாம் வகுப்பு. ஐரோப்பிய வரலாறு அறுபத்தெட்டு. ஆய்வுக் கட்டுரை நாற்பத்தொன்று.

இவர் தபால் பையைக்கூடக் கீழே வைக்காமல் கேட்டார், “அந்த ரெண்டு எழுத்தாலதானே முதல் வகுப்பு போச்சு?”

“இல்லைங்க. கட்டுரைக்கு நல்ல மார்க்கு. ஐரோப்பாதான் கவுத்துடுச்சு.”

முகம் மலர்ந்துவிட்டது. “பாத்தியா! நான் போன வேலை சுத்தம். நீ போன எடத்துலதான் கோட்டை விட்டுட்டு வந்திருக்கே.” தெருவில் போன திம்மப்பனை நிறுத்தி அவரிடமும் சொன்னார்.

மதிப்பெண் தாளைப் புடவைகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை பள்ளிக்கூடம்.