மாமியின் பெயரில் ஒரு கம்பம்

அன்புள்ள டினுஷாவின் அப்பாவுக்கு,

ஆண்டவர் அந்த வெயிலில் உங்களுக்கு நிழலாக இருப்பாராக. நானும் மகளும் சுகம். நிஸ்றாவின் அண்ணன் நாளை டோஹா திரும்புகிறார். அவர் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். போனில் இந்தப் பேச்சை எடுத்தாலே நீங்கள் அழுகிறீர்கள், நானும் வேறு கதைக்குப் போய்விடுகிறேன்.

இன்று விடியுமுன் எழுந்து, அடுப்பைக்கூட மூட்டாமல் துறைக்குத்தான் போனேன். உங்கள் அம்மா விழுந்த இடத்தில் வைத்திருக்கும் கண்ணாடிக் கூண்டைத் துடைத்து, புது மெழுகுதிரி ஏற்றினேன். மாமியை அடக்கம் செய்த அன்று ஆத்துமாவுக்காகத் தொடங்கியது. இப்போது அக்கரையிலிருந்து வரும் பாதைப்படகு அந்த வெளிச்சத்தைப் பார்த்துத்தான் கரை பிடிக்கிறது. அதனால் மழையிலும் விட முடியவில்லை.

படகோட்டி முகைதீன்பாவா கயிற்றை அவிழ்த்த பிறகும் எஞ்சினைப் போடாமல் கொஞ்சம் நிற்கிறார். ஏன் என்று கேட்டேன். "உங்கட மாமி, 'பொறு மனே, நான் வாறன்' எண்டு கூப்பிடுறாப்போல கிடக்கு டீச்சர். விட்டுட்டுப் போக மனசு வருகுதில்ல" என்றார். படகில் இருந்த ஒருவரும் நேரமாகுது என்று சொல்லவில்லை. எனக்கும் அது கேட்கிறது.

நடந்ததை உங்களுக்கு நான் ஒழுங்காக எழுதியதில்லை. பிரதேச சபைத் தேர்தலுக்கு முன் ஊர் கலியாண வீடு மாதிரி இருந்தது. ஒழுங்கைக்கு ஒழுங்கை லொறியில் கிரவல் மண் கொண்டுவந்து பறித்தார்கள். வீதிக்குக் கொங்கிறீட் போட்டார்கள். துறையில் கம்பம் நட்டு விளக்கு மாட்டி, சபைத் தலைவர், தவிசாளரே வந்து சுவிட்சைப் போட்டார். மாமி மீன் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, வோட்டுக் கேட்ட அவருடைய ஆட்களைப் பிடித்துக்கொண்டார். "லைட் தந்தா வோட்டுத் தரணும் எண்டு எழுதியா வாங்கின? இது எங்கட வரிக்காசு மனே. உன்ட வீட்டுக் கறண்டா?" துறையே சிரித்தது. எங்கள் வட்டாரம் எதிர்க்கட்சி வினோஜன் தம்பியைத் தெரிவு செய்தது. சபையோ மறுபடியும் அதே தவிசாளரின் கைக்குப் போனது.

பிறகு எல்லாம் நின்றது. கொங்கிறீட் வீதி அவருடைய கட்சிக்காரர் ஒருவரின் வீட்டு வாசல் படலையோடு முடிந்துவிட்டது. அதற்கு அப்பால் இன்றும் சேறுதான். தேர்தலுக்கு முன் வாரி இறைத்ததை நிரப்ப வேண்டும் போல, சந்தை வரியைக் கூட்டினார்கள். துறை விளக்கைத் திருத்தப் போவதாகச் சொல்லிக் கம்பத்தோடு பிடுங்கிக்கொண்டு போனார்கள். அவருக்கு வாக்குப் போட்ட வட்டாரத்துச் சந்தியில் அதே கம்பம் நிற்கிறது. வினோஜன் தம்பி சபையில் கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்தான்: நிதி இல்லை, அடுத்த வருடப் பாதீட்டில் பார்ப்போம்.

மாரி வந்தது. ஒரு விடியற்கருக்கலில், கொட்டும் மழையில், படகு என்று நினைத்து மாமி கால் வைத்த இடம் தண்ணீராக இருந்தது. வெளிச்சம் வந்த பிறகு மாமியின் றெஜிபோம் மீன் பெட்டி மட்டும் மிதந்துகொண்டிருந்தது. அதற்குப் பிறகு நடந்ததைப் போனில் பார்த்தீர்கள். அதை எழுதமாட்டேன்.

இப்போது மாகாண சபைத் தேர்தல் என்ற கதை எழும்பியிருக்கிறது. தவிசாளர் நிற்கப் போகிறாராம். நேற்று வீட்டுக்கு வந்தார். துறையில் பெரிய விளக்கு, படகுக்குக் காத்து நிற்பவர்கள் இருக்க நீள வாங்கு, மாமியின் பெயரில் 'திரேசம்மா நினைவு விளக்கு' என்று பலகை. மேடையில் நான் நின்று அதை ஏற்ற வேண்டும். "நிதி வந்திட்டு டீச்சர். நீங்க ஓம் எண்டு சொன்னாப் போதும், அடுத்த மாதமே எரியும்" என்றார். மாமியின் படத்துக்குக் கீழேதான் இருந்தார். தேநீர் கொடுத்தேன். சீனி போதுமா என்றுகூடக் கேட்டேன். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

வினோஜன் தம்பி கோபப்பட்டார். "அந்த மனிசிட சாவ வித்துப் போடாதீங்க அக்கா" என்றார். தையல் வேலைக்கு அதே படகில் போகும் நிஸ்றா வேறு மாதிரிச் சொன்னாள். "பேருதானே கேக்கிறாரு, குடுங்க டீச்சர். எனக்குக் கால் வைக்கிற இடம் தெரியணும்." இருவரில் ஒருவரையும் என்னால் பிழை சொல்ல முடியவில்லை. இரவெல்லாம் மாமியிடம் கேட்டுக்கொண்டே படுத்திருந்தேன்.

இன்னும் ஒருவரிடமும் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். நான் ஓம் என்று சொல்லப் போகிறேன். பலகையில் பெயரைப் பெரிய எழுத்தில் போடச் சொல்வேன். பெயரில்லாத விளக்கைத் திருத்தக் கொண்டுபோவதாகச் சொல்லிக் கழற்றலாம். செத்த மனிசியின் பெயர் எழுதியதை, தேர்தல் முடிந்ததும் எந்த முகத்தோடு பிடுங்குவார்கள்? விளக்கு எரிந்த பிறகு ஒலிவாங்கியை வாங்கி, இதே துறையில் முன்பு ஒரு விளக்கு இருந்தது என்றும், அதை யார், எப்போது, ஏன் கொண்டுபோனார்கள் என்றும் சொல்வேன். அவர் பக்கத்தில்தான் நிற்பார்.

இப்படிப் பேசியதற்காக எனக்கு எட்டாத தூரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு இடமாற்றம் வரலாம். மகளுக்குப் பரீட்சை வருடம். எல்லாம் யோசித்துவிட்டேன். நீங்கள் மறித்தால் நான் நின்றுவிடுவேன், அதனால் மறிக்காதீர்கள். உங்கள் அம்மாவின் பெயரை அத்தனை பேருக்கும் முன்னால் சொல்லும்போது என் குரல் உடையாதிருக்க, அங்கிருந்தபடியே மன்றாடுங்கள்.

உங்கள்,
ஜெனிற்றா