கம்பிக்கதவின் சாவி

வெள்ளிக்கிழமை, ஈப்போ.

என் தம்பி மகன் குமரன் நேற்றுத்தான் தைப்பிங் சிறையிலிருந்து வந்தான். இன்று மாலை அவனுடைய பழைய கும்பல் ரோஜா மாலையோடு என் வாசலில் நின்றது. இவர்கள் செய்த குற்றத்தைத் தன் தலையில் போட்டுக்கொண்டுதான் அவன் ஏழு வருடம் உள்ளே கிடந்தான். செருப்பைக் கழற்றத் தெரியாத பிறவிகளுக்கு மாலை வாங்க மட்டும் தெரிகிறது. நான் படித்த கான்வென்ட் கன்னியாஸ்திரிகளிடம் இவர்களை ஒரு வாரம் விட்டிருக்க வேண்டும்.

"அண்ணே வந்தா போதும்லா ஆன்ட்டி. இனி நாங்க பாத்துக்குவோம்," என்றான் கழுத்தில் பச்சை குத்தியிருந்த ஒருவன்.

"நீங்க பாத்துக்கிட்ட லட்சணந்தான் தெரியுதே. மாலைய எடுத்துட்டுப் போங்க."

வாசலை விட்டுப் போனார்கள். ஆனால் அவர்கள் வந்த கார் தெருமுனையிலேயே நின்றது. நான் கம்பிக்கதவை இழுத்துப் பூட்டினேன். பூட்டுச் சத்தம் கேட்டதும், சாப்பிட்டுக்கொண்டிருந்த குமரன் எழுந்து போய்ச் சுவரோரம் குந்தினான். தலையைக் குனிந்து, சிறை வார்டர் வந்து கைதிகளை எண்ணுவதற்குக் காத்திருப்பவனைப் போல.

"எந்திரிடா, இது உன் வீடு."

"சரி அத்தை," என்றான். எழவில்லை.

சாவியை அவன் தட்டருகே வைத்துவிட்டு அறைக்கு வந்தேன். கார் இன்னும் அங்கேதான் நிற்கிறது. அவன் சாவியைத் தொட்டானா என்று இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டேன்.