தோள்பட்டையில் என் எழுத்து

ரோட்டன்ஸ்டைன் அரண்மனை, ஜெர்மனி
3 ஜூன் 1914

அன்புள்ள லோட்டா,

நேற்று எனக்கு ஐம்பது முடிந்தது. அன்றே வந்து சேர்ந்த வாழ்த்து ஒன்றே ஒன்று: உங்கள் ரஷ்யாவிலிருந்து, என் படைப்பிரிவின் தந்தி. உன் திருமணத்தன்று உன் மாமனார் ஜார் மன்னரிடம் சொல்லி என்னை அதற்குப் பெயரளவில் கௌரவத் தளபதி ஆக்கியபோது எல்லோரும் சிரித்தோம். இன்று என் பெயரின் முதலெழுத்தைத் தோளில் அணிந்த அந்த முகம் தெரியாதவர்கள்தான் என்னை நினைக்கிறார்கள். கூடப் பிறந்தவள் மறந்துவிட்டாய்!

வழக்கம்போல அவர்களுக்கு நாற்பது ஜோடிக் கையுறை பின்னுகிறேன். அளவுக்கு என் எகோனின் கைதான். விடுப்பில் வந்திருப்பவன், “உன் சிப்பாய்ங்க எல்லாருக்கும் என் கைதானாம்மா? குட்டைக் கைக்காரன் என்ன பண்ணுவான்?” என்கிறான். திங்களன்று குதிரைப்படைக்குத் திரும்புகிறான். பிறகு இந்த வீட்டில் கடிகாரங்களும் நானும்தான்.

உன் அக்கா,
ஹெட்விக்

பீட்டர்ஸ்பர்க்
20 ஜூலை 1914

என் ஹெடி அக்கா,

மறக்கவில்லை, தபால்தான் தாமதம். கோபப்படாதே. ஒரு நல்ல செய்தி: என் மீஷா உன் படைப்பிரிவிலேயே சேர்ந்துவிட்டான். “பெரியம்மா எழுத்து தோள்ல இருக்கும்மா. தப்புப் பண்ணினா காதைத் திருகிடுவாங்களோன்னு இருக்கு” என்கிறான்.

போர் என்று பேசுகிறார்கள். எந்த அரண்மனைக் கதவைத் தட்டினாலும் நமக்கு ஓர் அத்தை மகன் திறப்பான். குடும்பத்துக்குள் யார் சுடுவார்கள்?

உன் லோட்டா

14 செப்டம்பர் 1914
(போரால் நேர்த் தபால் நின்றுவிட்டதால், ஸ்டாக்ஹோம் அத்தை வழியாக)

அக்கா,

எகோன் இறந்த செய்தி உனக்கு வந்திருக்கும். எப்படி என்பதை நான்தான் சொல்ல வேண்டும். மற்றவர்கள் மறைப்பார்கள்.

மீஷா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “காட்டோரமா வந்த குதிரைக்காரங்களை நாங்கதான் சுட்டோம்மா. கிட்டப் போய் ஒருத்தனைத் திருப்பினேன். எகோன் அண்ணன். கண்ணை நான்தான் மூடினேன். என் கோட்டைப் போத்திப் புதைச்சோம். பெரியம்மாகிட்ட எந்த முகத்தோட நிப்பேன்?”

யாருடைய குண்டு என்று அவனுக்குத் தெரியவில்லை. சுட்டவர்கள் எல்லோர் தோளிலும் உன் எழுத்து இருந்தது. திட்டியாவது ஒரு வரி எழுது, அக்கா.

லோட்டா

ரோட்டன்ஸ்டைன்
30 நவம்பர் 1914

லோட்டா,

கௌரவத் தளபதி என்று எனக்குத் தந்த ரஷ்யச் சீருடையை, எதிரியின் உடை என்று வாங்கிப் போக அதிகாரிகள் வந்தார்கள். பெட்டியோடு கொடுத்துவிட்டேன்.

இனி எழுதாதே. உன் முந்தைய கடிதங்களை வெளியே எடுத்து வைத்தாலே, மேசைக்கு எதிரில் பொழுது சாயும்வரை உட்கார்ந்துவிடுகிறேன். ஒருநாள் முடிந்தால் நானே எழுதுகிறேன்.

முப்பத்தொன்பது ஜோடிக் கையுறையைப் பிரித்து மறுபடி நூலாகச் சுற்றிவிட்டேன். ஒரு ஜோடியைப் பிரிக்க முடியவில்லை. இத்துடன் இருக்கிறது, மீஷாவிடம் கொடு. எகோன் அளவு, அவனுக்குச் சற்றுப் பெரிதாக இருக்கும். என் பிள்ளையின் கண்களை மூடிய கைகள் குளிரில் விறைக்கக் கூடாது.

ஹெட்விக்